சாதக விகிதத்தை அப்படியே நிகழ்தகவாக எழுதாதீர்கள்

இந்த முறையும் விடைத்தாள்களில் அதே தவறு. "ஒரு நிகழ்ச்சிக்குச் சாதக விகிதம் 3:2 எனில் நிகழ்தகவு என்ன?" பலர் 2/3 என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் 3/2. ஒன்றரை எப்படி நிகழ்தகவாகும்? ஒன்றைத் தாண்டிய விடையைக் கண்ட உடனே கை நின்றிருக்க வேண்டாமா?

3:2 என்பதில் 3, நடப்பதற்கான பங்கு; 2, நடக்காமல் போவதற்கான பங்கு. இரண்டில் எதுவுமே மொத்தம் அல்ல. நிகழ்தகவின் பகுதியில், அதாவது பின்னத்தின் கீழ் எண்ணில், மொத்தம்தான் வர வேண்டும். 3-ஐயும் 2-ஐயும் கூட்டினால் 5, ஆகவே விடை 3/5. திருப்பிப் போகும்போதும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பகடையில் 6 விழ நிகழ்தகவு 1/6. அதற்கான சாதக விகிதம் 1:5, 1:6 அல்ல. விகிதம் இரட்டித்தால் நிகழ்தகவும் இரட்டிக்கும் என்ற நினைப்பும் தவறு. 1:1 என்றால் 1/2, 2:1 என்றால் 2/3, 3:1 என்றால் 3/4.

வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: 1:99 போன்ற எண்களைக் கொடுக்காதீர்கள். 1/99-உம் 1/100-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் தவறு பிள்ளையின் கண்ணுக்கே படாது.

அடுத்தது, சமவாய்ப்பு, அதாவது எல்லா விளைவுக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருப்பது. "நடக்கும் அல்லது நடக்காது, அதனால் பாதி" என்று எழுதும் பழக்கத்தை இன்றே விடுங்கள். இரண்டு முறை நாணயம் சுண்டி ஒரு தலையாவது விழுவதற்கு 2:1 என்று 1754-இல் கணக்கிட்டார் பிரெஞ்சுக் கணித அறிஞர் தாலம்பேர். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அதை ஒரே விளைவாக எண்ணினார்; தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றே விளைவு என்று கொண்டார். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கையும் எழுதிப் பாருங்கள். சரியான விகிதம் 3:1. எண்ணுவதற்கு முன், எண்ணுகிறவை எல்லாம் சமவாய்ப்பு உடையவையா என்று கேளுங்கள்.

பெற்றோரே, டியூஷன் எடுப்பவர்களே, சாதக விகிதம் a:b எனில் நிகழ்தகவு a/(a+b) என்ற சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கேள்வியில் "எதிராக" என்ற சொல் வந்ததும் அந்தப் பிள்ளை தடுமாறும். அந்தச் சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் கட்டம் வரையச் சொல்லுங்கள். எதிராக 7:3 என்றால் 7 நடக்காத பங்கு, 3 நடக்கும் பங்கு; 10 கட்டம், அதில் 3-க்கு வண்ணம், விடை 3/10. வரையாமல் 3/7 என்று எழுதினால் அன்றைக்குப் புதுப் பாடம் வேண்டாம். எண்களை மட்டும் மாற்றி இதே கணக்கை இன்னொரு முறை கொடுங்கள்.