வெயில் ஊரில் வெளிச்சத்துக்கு ஏங்கும் நாற்றுகள்

‘உங்கள் நாற்றுக்கு வெளிச்சம் போதவில்லை’ என்று மதுரைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். சித்திரையில் தார் ரோடு இளகும் ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா? ஆனால் நாற்றுப்பண்ணை நடத்துகிறவன் என்பதால் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெரும்பாலும் இதே கதைதான். தயிர் டப்பாவில் விதைத்த தக்காளி. நூல் போல நீண்ட தண்டு, உச்சியில் வெளிறிய இரண்டு விதையிலைகள், அத்தனையும் ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கும். கீழே ஒரு வரி: “அண்ணே, நாலே நாளில் எவ்வளவு உயரம் வந்திருச்சு பாருங்க!”

அது வளர்ச்சி இல்லை. வெளிச்சம் எங்கே என்று செடி எட்டிப் பார்க்கிறது. விதைக்குள் இருந்த கொஞ்ச உணவையும் தண்டை நீட்டுவதற்கே செலவழித்துவிட்டு, வேருக்கும் இலைக்கும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் நிற்கிறது. நல்ல நாற்று குள்ளமாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக இருக்கும். கடையில் நாற்று வாங்கும்போதும் உயரமானதைத் தேடி எடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் விதைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. நம் ஊருக்கு அது சரியான முடிவுதான். மொட்டை மாடியில் வைத்தால் அணில் கிளறும், புறா கொத்தும். கத்திரி வெயிலில் சிமென்ட் தளத்தின் மேல் இருக்கும் தட்டு கையே வைக்க முடியாத அளவுக்குச் சுடும். தக்காளி விதை 25 முதல் 30 டிகிரி சூட்டில் நன்றாக முளைக்கும். 35-ஐத் தாண்டினால் முளைப்பு குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை அடித்தால் தட்டில் இருப்பதெல்லாம் வழிந்து போகும். ஆகவே முளைக்க வைக்க வீட்டுக்குள் இருக்கும் நிழல் நல்லதே. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை, ஈரமும் சூடும் போதும். வெளிச்சக் கணக்கு முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டிய நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ‘ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் வெளியே வைக்கலாம்’ என்று விடும் அந்த இரண்டு நாளில்தான் தண்டு நீண்டுவிடுகிறது.

நம் கண்ணை நம்பினால் இதில் ஏமாந்துபோவோம். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தகுந்தபடி கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், செடிக்கு அந்த வித்தை தெரியாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் மாடியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். அதே நேரத்தில் நேர்வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில் பெரும்பாலும் ஓரிரு ஆயிரம்தான். இரவில் ட்யூப்லைட் போட்ட ஹாலில் சில நூறு. ‘பளிச்சென்று இருக்கிறதே’ என்று நாம் சொல்லும் சமையலறை மேடை, நாற்றுக்கு அந்தி நேரம். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி இருக்கிறது; இரண்டு பக்கம் ஜன்னலே கிடையாது. புது அடுக்குமாடிகளில் பால்கனி இருந்தாலும் எதிர்க் கட்டடம் மறைக்கிறது. வாடிப்பட்டி, மேலூர் பக்கம் முற்றம் வைத்த பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது. முற்றத்தில் வெயில் படும் ஓரத்தில் வைத்தால் முடிந்தது.

தெற்கு ஜன்னல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் ‘தெற்கு பார்த்த ஜன்னலில் வையுங்கள்’ என்பார்கள். அது அவர்கள் ஊர் அட்சரேகைக்குச் சரி. மதுரை சுமார் 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே தள்ளி நிற்கிறது. ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடும் ஆனி மாதத்தில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. போதாக்குறைக்கு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வேறு. அந்தச் சமயத்தில் காலை வெயில் வரும் கிழக்கு ஜன்னல்தான் நல்லது. மேற்கு ஜன்னலில் வெளிச்சம் உண்டு, ஆனால் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக வந்து சின்னத் தட்டைக் காய்ச்சி எடுத்துவிடும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது தெற்கு ஜன்னல் கை கொடுக்கும்.

உங்கள் இடம் தேறுமா என்று பார்க்க, பகல் பதினோரு மணிவாக்கில் தட்டு வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெளிவாக விழுந்தால் பரவாயில்லை. கலங்கலாக ஏதோ தெரிந்தாலோ, நிழலே இல்லையென்றாலோ விளக்கு வேண்டும். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் இருந்தால் அதையும் பாருங்கள். அதன் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனாலும் நண்பகலிலேயே 5,000-க்குக் கீழே காட்டினால் யோசிக்கவே வேண்டாம், விளக்கு தேவை.

விளக்கு என்றதும் ஊதா நிறத்தில் எரியும் ‘குரோ லைட்’ வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். செடி சிவப்பையும் நீலத்தையும் அதிகம் பயன்படுத்துகிறது என்பது உண்மைதான். சாதாரண வெள்ளை எல்ஈடியில் இரண்டுமே இருக்கின்றன. ஒரு மாத நாற்றுக்கு அது தாராளம். ஊதா வெளிச்சத்தில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு: இலை மஞ்சளா பச்சையா என்று கண்ணுக்குத் தெரியாது, நோய் வந்தாலும் கவனிக்க மாட்டீர்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் 20 வாட், நான்கு அடி எல்ஈடி ட்யூப் இரண்டு வாங்குங்கள். பெட்டியில் 6500கே அல்லது ‘கூல் டே லைட்’ என்று போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், அலமாரித் தட்டின் அடியில் பொருத்துங்கள். பழைய குண்டு பல்பு வேண்டாம், அது சூட்டைத்தான் தரும்.

பலர் சறுக்குவது உயரத்தில்தான். சுவரில் ஏழடி உயரத்தில் எரியும் ட்யூப்புக்குக் கீழே தட்டை வைத்துவிட்டு, ‘லைட் போட்டும் பிரயோஜனம் இல்லை’ என்பார்கள். நாற்றின் உச்சிக்கும் ட்யூப்புக்கும் நடுவே அரை அடிதான் இருக்க வேண்டும். இந்த நெருக்கத்தில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எல்ஈடி அதிகம் சுடாது, இலை கருகுமோ என்று பயப்பட வேண்டாம். நாற்றுத் தட்டின் அடியில் செங்கல் அடுக்கி வைத்தால், நாற்று வளர வளர ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டை இறக்கிக்கொள்ளலாம். பின்பக்கமும் ஓரங்களிலும் வெள்ளைத் தெர்மோகோல் நிறுத்தினால் சிதறும் வெளிச்சமும் திரும்ப வரும்.

ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். விடிய விடிய வேண்டாம். தக்காளிக்கு இடைவிடாத வெளிச்சம் ஆகாது, இலை மஞ்சளாகிப் புள்ளி விழும். கரண்ட் பில் பற்றிக் கேட்பார்கள்: இரண்டு ட்யூப், 40 வாட், 15 மணி நேரம் என்றால் நாளுக்கு 0.6 யூனிட். முப்பது நாளுக்கு 18 யூனிட். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் நம் மாநிலத்தில் இது பெரிய செலவில்லை.

வெளிச்சம் குறைந்த இடத்தில் இன்னோர் ஆபத்தும் சேர்ந்தே வரும். நாற்று குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். நாமோ வெயிலை நினைத்துக் காலை மாலை ஊற்றுவோம். தட்டில் நிரப்பிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சொதசொதவென்று நிற்கும். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரிக்கு அது போதும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, இன்று மண்ணை ஒட்டிய கழுத்து சுருங்கி மடிந்து கிடக்கும். நாற்றழுகல் இதுதான். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம்: தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டம் கொடுங்கள். விதைக்கும் முன்பே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது விவசாயிகள் வழக்கம். வீட்டுப் பாக்கெட்டுக்கு அது ஒரு சிட்டிகைகூட ஆகாது. தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேல்பரப்பு லேசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

எல்லா விதைக்கும் இந்த ஏற்பாடு தேவையில்லை. வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை எல்லாம் தொட்டியிலேயே நேராக விதைக்க வேண்டியவை. இடம் மாற்றினால் முள்ளங்கி கோணிக்கொள்ளும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்குத்தான் விளக்கின் அடியில் இடம் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதா? தக்காளி என்றால் தப்பிக்கலாம். விதையிலை வரை தண்டைப் புதைத்து வேறு டப்பாவில் நட்டால் புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாய், கத்தரிக்கு இது அவ்வளவாகப் பலிக்காது. மறுபடி விதைப்பதுதான் நல்லது, விதைக்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

விளக்கில் வளர்ந்த நாற்றை நேராக மதுரை வெயிலில் கொண்டுபோய் வைத்தால் மத்தியானத்துக்குள் இலை வெளுத்துவிடும். முதல் இரண்டு நாள் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். 50 சதவீத நிழல் வலை இருந்தால் வேலை சுலபம். நடுவது சாயங்காலம்.

இனி மாதக் கணக்கு. மிளகாய் நாற்றுக்கு 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முதல் வாரத்தில் நட வேண்டுமென்றால் மிளகாயை வைகாசி கடைசி வாரத்திலும், கத்தரியை ஆனி பிறந்ததும், தக்காளியை ஆனி இரண்டாம் வாரத்திலும் விதைக்கலாம். தைப்பட்டத்துக்கு மிளகாய் விதைக்க வேண்டியது கார்த்திகைக் கடைசியில். அப்போது வானம் மூடிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆனியில் கிழக்கு ஜன்னலை வைத்தே சமாளித்தவர்களும் அந்த முறை ட்யூப்பை மாட்டிவிடுவது நல்லது.