எதையும் செருகாத மிக்சர் பாடும் பாட்டு

பென்னாகரம் பக்கத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஆட்டத்தின் வேகத்தில் வேடக்காரரின் கிரீடம் மேலே தொங்கும் மைக்கைத் தட்டிவிட, அது பாக்ஸின் பக்கம் ஆடிப் போனதும் காதைத் துளைக்கும் 'கூ' என்ற ஓசை கிளம்புகிறது. மைக்செட்காரர் பதறி வால்யூமைக் குறைக்கிறார். அவர் விரட்டுகிற அந்த ஊளையையே இசையாக வளர்த்தெடுத்தவர்கள் உண்டு.

மைக் வாங்கிய ஒலியை ஆம்ப்ளிஃபையர் பெருக்கிப் பாக்ஸ் வழியே வெளிவிடுகிறது. அதில் ஒரு பங்கு மீண்டும் மைக்கிற்குள் நுழைகிறது. இப்படிச் சுற்றி வரும் ஒலி, புறப்பட்டபோது இருந்ததைவிடச் சற்றேனும் வலுவாகவும், அலையின் முகடு முகட்டோடு பொருந்தும்படியும் திரும்பினால், ஒவ்வொரு சுற்றிலும் பெருத்துக்கொண்டே போய், ஆம்ப்ளிஃபையர் தன் திறனின் எல்லையைத் தொடும்போதுதான் நிலைகொள்ளும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மைக்கும் பாக்ஸும் 1 மீட்டர் தள்ளியிருந்தால், காற்றுவழிப் பயணத்தை மட்டும் கணக்கிட்டால் 340, 680, 1020 ஹெர்ட்ஸ் என்ற வரிசையிலுள்ள அதிர்வெண்களே அவ்வாறு பொருந்தும். அவற்றுள் கருவி எதைக் கூடுதலாகப் பெருக்குகிறதோ அதுவே மற்றவற்றை அமுக்கிவிட்டு ஒலிக்கும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இதனை லார்சன் விளைவு என்பர்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1968-இல் 'பெண்டுலம் மியூசிக்' என்ற படைப்பில், மேல்நோக்கி வைத்த ஸ்பீக்கர்களுக்கு மேலே மைக்குகளை ஊசல்களாகத் தொங்கவிட்டார். ஸ்பீக்கரைக் கடக்கும் நொடியில் மட்டும் ஒவ்வொன்றும் கூவும். ஆட்டம் தளரத் தளரக் கூவல்கள் நீண்டு, எல்லா மைக்குகளும் ஓய்ந்து நின்றதும் இடைவிடாத ஊளையாகிவிடும். அப்போது கலைஞர்கள் மின்கம்பியைப் பிடுங்குவார்கள். படைப்பு அவ்வளவுதான்.

ஜப்பானிய இசைக்கலைஞர் தோஷிமாரு நகாமுரா 1990-களின் பிற்பகுதியில் மைக்கையே நீக்கிவிட்டார். பல ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் கருவியான மிக்சரின் வெளியீட்டுத் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து அதே மிக்சரின் உள்ளீட்டில் செருகினார். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் 1970-களிலேயே இவ்வழியில் முயன்றிருந்தாலும், இதை ஒரு தனி வாத்தியமாகவே நிலைநிறுத்தியவர் நகாமுரா எனலாம். உள்ளே ஒன்றும் அனுப்பாதபோது ஒலி எங்கிருந்து பிறக்கிறது? மின்தடைகளுக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைவதால் எல்லா மின்கருவியிலும் மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது. சுற்று அதிலிருந்து தனக்கு ஏற்ற அதிர்வெண்ணைப் பொறுக்கி வளர்க்கிறது. இங்கே காற்றுவழித் தாமதம் இல்லாததால், அலையை முன்பின் நகர்த்தும் வேலையை மின்தேக்கிகள் அடங்கிய சுற்றுகள் செய்கின்றன. ஆகவே டிரெபிள், பாஸ் திருகுகளைத் தொட்டாலே சுருதி மாறுகிறது. இரண்டு சுற்றுகளைப் பின்னிவிட்டால் ஒன்றையொன்று இழுத்துச் சிள்வண்டு போலவும் எண்ணெயில் விழுந்த கடுகு போலவும் ஒலிக்கும். அடுத்து என்ன வருமென்று வாசிப்பவருக்கே தெரியாது. (வீட்டில் முயல்வோர் வால்யூமை மிகக் குறைவாக வைப்பதும் ஹெட்ஃபோனைத் தவிர்ப்பதும் நல்லது, திடீர்க் கீச்சொலி செவிக்கும் ஸ்பீக்கருக்கும் கேடு.)

டோக்கியோவில் 2000 முதல் 2005 வரை இயங்கிய 'ஆஃப் சைட்' என்ற சிறு அரங்கில், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகாதபடி இவ்விசை மிக மெல்லிய ஒலியில் வாசிக்கப்பட்டது. இந்தப் போக்கிற்கு 'ஒன்க்யோ' என்று பெயர் வந்தது.

தேர்ந்த மைக்செட்காரர்கள் கூத்து தொடங்குமுன் வேண்டுமென்றே வால்யூமை ஏற்றி ஊளையிட வைத்து, அது எந்த அதிர்வெண்ணில் கிளம்புகிறதென்று காதாலேயே கண்டு, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த ஒரு திருகை மட்டும் இறக்குவார்கள். நகாமுரா அதே திருகை ஏற்றுகிறார்.