ஐந்து நிமிட ரெசினும் வன்னி வெயிலும்

யாழ்தேவி ரயிலின் ஒரு பெட்டியை மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறிதாகச் செய்ய நினைத்தால் 8 சில்லு வேண்டும். முதல் சில்லைச் செதுக்குவது சுகம். எட்டாவதும் முதலாவதைப் போலவே வர வேண்டும் என்பதுதான் தலையிடி. அதற்கு வழி ரெசின் வார்ப்பு. ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து, அதைச் சுற்றிச் சிலிக்கன் இறப்பரை ஊற்றி அச்செடுத்தால், அந்த அச்சில் ரெசினை, அதாவது ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தை, ஊற்றி வேண்டிய மட்டும் பிரதி எடுக்கலாம். செய்முறை காட்டும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ தகரக் கூரைக்குக் கீழே அதே ரெசின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். காரணம் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

பொலியூரித்தேன் ரெசின் இரண்டு போத்தல்களில் வரும். ஒன்றில் ஐசோசயனேற்று, மற்றதில் பொலியோல். கலந்தவுடன் ஒன்றின் மூலக்கூறு மற்றதன் மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் திரவம் முழுவதும் ஒரே வலையாகிவிடும். இங்கே எதுவும் காய்வதில்லை, இறுகுகிறது. கலவை விகிதம் பிசகினால் பிடிக்கத் துணையில்லாத மூலக்கூறுகள் மிஞ்சிவிடும். சில்லு பிசுபிசுத்துக்கொண்டோ தொய்ந்துபோயோ கிடக்கும். கண்ணளவை நம்பாமல் 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்குங்கள். போத்தலில் தந்திருக்கும் விகிதம் நிறையிலா கன அளவிலா என்பதையும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

சரி, வெயிலுக்கு வருவோம். போத்தலில் "5 நிமிடம்" என்று போட்டிருந்தால், அது கலந்த ரெசின் இறுகத் தொடங்கும் முன் ஊற்றக் கிடைக்கும் நேரம்; பெரும்பாலும் 23 பாகை செல்சியஸ் அளவில் அளந்தது. இரசாயனத் தாக்கங்களுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: வெப்பநிலை 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நமது மத்தியானத்தின் 33 பாகையில் அந்த 5 நிமிடம் இரண்டரை நிமிடமாகிவிடுகிறது. கலக்கவே ஒரு நிமிடம் போய்விடும். அதற்கு மேல், இந்தத் தாக்கம் தானும் வெப்பத்தை வெளிவிடும். கோப்பையில் நிறையக் கலந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, தாக்கத்தை இன்னும் விரட்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே புத்தி. மறுபக்கம், மெல்லிய பாகங்களில் வெப்பம் தங்காது. கோப்பையில் மிஞ்சியது கல்லானதைப் பார்த்து அச்சைத் திறந்தால், சில்லின் மெல்லிய விளிம்பு இன்னும் வளைந்துகொண்டிருக்கும்.

வெயிலைவிடப் பெரிய எதிரி தண்ணீர். ஐசோசயனேற்று பொலியோலுக்காகக் காத்திருக்காது, நீர் கிடைத்தால் அதையும் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு பிறக்கிறது. ஸ்பொஞ் மெத்தை செய்யும் தொழிற்சாலைகள் வேண்டுமென்றே நீர் சேர்த்து நுரைக்க வைப்பது இதே தாக்கத்தால்தான். நமக்கோ அது நாசம். கணக்குப் பார்த்தால் பயமாகவே இருக்கும்: ஒரு துளி நீர், அதாவது 0.05 கிராம், முழுவதும் தாக்கமடைந்தால் 70 மில்லிலீற்றர் அளவுக்கு வாயு வரும். நமது சில்லோ சில மில்லிலீற்றர்தான். ஐஸ்கிறீம் குச்சியும் கடதாசிக் கோப்பையும் பார்க்கக் காய்ந்தவைதான், ஆனாலும் ஈரம் வைத்திருக்கும். பிளாஸ்டிக் குச்சியும் பிளாஸ்டிக் கோப்பையும் போதும். வாடைக் காற்று வீசும் மாரியில் திறந்து வைத்த போத்தல் தானாகவே காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். எடுத்தவுடன் மூடிவிட வேண்டும்.

வெயிலுக்குப் பயந்து ரெசினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் என்ன? இங்கேதான் பொறி. 30 பாகையில் ஈரப்பதன் நூற்றுக்கு 80 ஆக இருக்கும்போது, 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் பனி படியும். குளிர்ந்த போத்தலைத் திறந்தால் ரெசினுக்குள்ளேயே தண்ணீர் சேரும். என் தெரிவு: மெதுவாக இறுகும் வகையை வாங்குவது, விடியற்காலையில் வார்ப்பது. விடிய ஈரப்பதன் கூடத்தானே என்று கேட்கலாம். கூடத்தான்; ஆனால் ரெசின் திறந்திருப்பது சில நிமிடம்தான். கிடைக்கும் நேரத்தின் பெறுமதி அதைவிடப் பெரிது.

எல்லாக் குமிழியும் ஈரத்தால் வருவதில்லை. ஊற்றும்போது சிக்கிய காற்றும் உண்டு. குமிழியின் விட்டம் பாதியானால் அது மேலேறும் வேகம் காற்பங்காகிவிடும். பொடிக் குமிழிகள் ஏறி முடிப்பதற்குள் ரெசின் இறுகிவிடும். அச்சின் உட்புறத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தடவித் தட்டிவிட்டால் ரெசின் மூலைகளுக்குள் நன்றாகப் பரவும். மேல் மூலைகளில் காற்றுப்போக ஓட்டைகள் விடுங்கள். அழுத்தத்தில் வைத்துக் குமிழியைச் சுருக்கும் முறையும் உண்டு, ஆனால் அதற்கென்றே செய்த கலன் வேண்டும். சமையல் குக்கரில் கம்பிரசரைப் பொருத்துவது உயிரோடு விளையாடுவது.

அச்சைப் பற்றி ஒரு சொல். அச்சுச் சிலிக்கனில் இரண்டு வகை: ஒன்றை இறுக வைப்பது பிளாற்றினம், மற்றதை இறுக வைப்பது தகரம். பிளாற்றினம் வகைச் சிலிக்கன், கந்தகம் கலந்த களிமண்ணையோ இறப்பர்க் கையுறையையோ தொட்டால் அந்த இடத்தில் இறுகாது. தகர வகைக்கு அந்த நோய் குறைவு, மலிவும்கூட. தொடங்குகிறவருக்கு அது போதும்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் பைபர் போட் திருத்துகிறவர்களிடம் இருப்பது பொலியெஸ்டர் ரெசின். அதையும் வார்க்கலாம், ஆனால் இறுகும்போது கன அளவில் நூற்றுக்கு 7 அளவில் சுருங்கும். தடித்த பாகம் வெடிக்கவும் கூடும். றெஜிபோம் கோப்பையில் ஊற்றினால் கோப்பையே கரைந்துவிடும். அதை இறுக வைக்கச் சேர்க்கும் பெரொட்சைட்டுத் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ற்றுத் திரவத்தோடு அது நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். பொலியூரித்தேனில் வேறு ஆபத்து: ஐசோசயனேற்று ஆவி ஒருவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சிழுப்பைக் கொண்டுவரும். எந்த ரெசினானாலும் காற்றோட்டமான தாழ்வாரத்தில், கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு ஊற்றுங்கள்.