ஃபயர் ரிஸ்க் அசெஸ்மென்ட்: தமிழில் எப்படிச் சொல்வது, எப்படிப் படிப்பது?

லண்டனில் ஃப்ளாட் வாங்கப் போகிறவருக்கு சொலிசிட்டர் ஒரு கட்டத்தில் தடிமனான பிடிஎஃப் ஒன்றை அனுப்பிவைப்பார். கதவு, மாடிப்படி, மின்பெட்டி என்று பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும். தலைப்பு: ஃபயர் ரிஸ்க் அசெஸ்மென்ட். நம்மில் பலர் இதை "ஃபயர் சர்ட்டிபிகேட்" என்று சொல்லி, முதல் பக்கத்தில் பச்சையா மஞ்சளா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆனால் இது சான்றிதழ் இல்லை, கட்டடத்தில் தீ ஆபத்து எவ்வளவு என்று எடைபோடும் அறிக்கை. யாரும் இங்கே தேறுவதும் இல்லை, தோற்பதும் இல்லை.

அந்தப் பேச்சுவழக்குக்கும் ஒரு காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹோட்டல், கடை, அலுவலகம், தொழிற்சாலை போன்ற பல இடங்களுக்குத் தீயணைப்புத் துறையே வந்து பார்த்து உண்மையாகவே ஒரு சான்றிதழ் கொடுத்துவந்தது. 2005இல் வந்த ஃபயர் சேஃப்டி ஆர்டர் என்ற சட்ட ஆணை அதை மாற்றியது. 2006 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சான்றிதழ் முறை ஒழிந்து, கட்டடத்துக்குப் பொறுப்பானவரே ஆபத்தை எடைபோட்டு அதைக் குறைக்கவும் வேண்டும் என்று ஆனது. சான்றிதழ் போய் மதிப்பீடு வந்துவிட்டது, நாம் இன்னும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, சொற்களுக்கு வருவோம். 'ரிஸ்க்' 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, பிரெஞ்சுக்கு அது இத்தாலியனிலிருந்து. கப்பலில் சரக்கு அனுப்பும் வணிகர்கள் புழங்கிய சொல். கப்பல் போய்ச் சேரலாம், மூழ்கவும் செய்யலாம், மூழ்கினால் எவ்வளவு நட்டம் என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த அறிக்கைகளில் அடிக்கடி வரும், ஆபத்தின் மூலத்தைக் குறிக்கும் 'ஹஸார்ட்' வேறு வழியில் வந்தது. அரபியில் பகடைக்காயைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து ஸ்பானிஷ், பிரெஞ்சு வழியாக வந்தது என்பது பரவலான கருத்து. 'அசெஸ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'பக்கத்தில் உட்கார்' என்று பொருள். நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து வரியையும் தண்டத்தையும் நிர்ணயித்தவரின் வேலை அது. அதற்கு 'மதிப்பீடு' அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது, அதில் பிரச்சினை இல்லை.

பிரச்சினை எல்லாம் ரிஸ்க்கில்தான். தமிழ்நாட்டில் 'பேரிடர் மேலாண்மை' நன்றாகப் பழகிவிட்டதால் 'தீ இடர் மதிப்பீடு' என்று எழுதத் தோன்றும், அது தவறும் இல்லை. ஆனால் பழைய வழக்கில் இடர் என்பது ஏற்கெனவே வந்து பிடித்துக்கொண்ட துன்பம். திருநெடுங்களத்தில் சம்பந்தர் "இடர் களையாய்" என்று பாட்டுக்குப் பாட்டு கேட்பது வந்துவிட்ட துன்பத்தை நீக்கச் சொல்லித்தான், வரக்கூடியதைக் கணக்குப் போடச் சொல்லி இல்லை. இலங்கையில் மத்திய வங்கி அறிக்கைகள் போன்றவற்றில் புழங்கும் 'இடர்நேர்வு' எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது, துன்பம் நேரக்கூடும் என்ற வாய்ப்பு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆக, முழுப் பெயர் 'தீ இடர்நேர்வு மதிப்பீடு'. கொஞ்சம் நீளம்தான். 'தீ விபத்து ஆய்வறிக்கை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எரிந்து முடிந்த பிறகு வந்து எழுதியது போல ஆகிவிடும்.

ஹஸார்ட்டுக்கு இந்த அறிக்கைகளைப் பொறுத்தவரை 'தீமூலம்' என்றே சொல்லலாம். மாடிப்படிக்குக் கீழே யாரோ மின்சைக்கிளை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த பேட்டரி தீமூலம். அது தீப்பற்ற எவ்வளவு வாய்ப்பு, பற்றினால் மேலே தூங்குகிறவர்களுக்கு என்ன ஆகும், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இடர்நேர்வு.

வாய்ப்பையும் விளைவையும் பிரித்துப் பார்க்காததால்தான் அறிக்கை பலருக்குப் புரியாமல் போகிறது. பி.ஏ.எஸ் 79 என்ற வழிகாட்டியின் அமைப்பில் எழுதிய அறிக்கைகளில், தீ ஏற்படும் வாய்ப்புக்கு மூன்று படி: குறைவு, நடுத்தரம், அதிகம். விளைவுக்கும் மூன்று: சிறிய தீங்கு, மிதமான தீங்கு, கடுமையான தீங்கு. இவற்றைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துத்தான் டிரிவியல் (அற்பம்), டாலரபிள் (பொறுக்கத்தக்கது), மாடரேட் (மிதம்), சப்ஸ்டான்ஷியல் (கணிசம்), இன்டாலரபிள் (பொறுக்க முடியாதது) என்று ஐந்து முடிவுகள். இப்போது பாருங்கள்: வாய்ப்பு 'குறைவு' என்று போட்டிருக்கும், இருந்தும் முடிவு 'மாடரேட்'. இது என்ன முரண் என்று கேட்டால், விளைவுக் கட்டத்தில் 'கடுமையான தீங்கு' இருக்கும். ஒரே ஒரு படிக்கட்டு, அதில் புகை ஏறினால் வேறு வழியில்லை, இரவில் எல்லோரும் தூக்கத்தில். அங்கே தீ அபூர்வமாக வந்தாலும் போதும்.

'டாலரபிள்' என்றால் பெரிய செலவு தேவையில்லை என்று அர்த்தம், ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று இல்லை. 'மாடரேட்' பெயருக்குத்தான் மிதம். இடர்நேர்வைக் குறைக்கக் கட்டாயம் வேலை நடந்தாக வேண்டும். 'இன்டாலரபிள்' என்றால் அதைக் குறைக்கும்வரை அங்கே ஆட்கள் இருக்கவே கூடாது.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலுக்கு நேராகப் போங்கள். இப்படி ஒரு வரி வரும்: "2ஆம் மாடி, ஃப்ளாட் நுழைவுக் கதவு, தானாக மூடும் கருவி கழற்றப்பட்டுள்ளது." சின்ன விஷயம் மாதிரி தெரியும். தீத்தடுப்புக் கதவின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும், சூட்டில் அது உப்பி இடைவெளியை அடைத்துவிடும். கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தால்தான் அது பயன்படும். வீட்டுக்காரர் பதறி ஓடும்போது கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டால் பட்டை எவ்வளவு உப்பியும் பிரயோஜனமில்லை, புகை நேராகப் படிக்கட்டுக்கு வந்துவிடும். லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஃப்ளாட்டுகளின் நுழைவுக் கதவும் கட்டடத்தின் வெளிச்சுவரும் மதிப்பீட்டுக்குள் அடக்கம் என்று தெளிவாக்கியது.

அப்புறம் மதிப்பீடு எந்த 'டைப்' என்று பாருங்கள். டைப் 1 என்றால் பொது இடங்களை மட்டும், எதையும் உடைக்காமல் பார்த்தது. டைப் 2இல் பொது இடங்களில் மட்டும் உடைத்துப் பார்ப்பார்கள், 3இல் உடைக்காமல் சில வீடுகளுக்குள்ளும் போவார்கள், 4இல் பொது இடங்களிலும் சில வீடுகளிலும் உடைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கைக்கு வருவது டைப் 1தான். அதில் "குறை எதுவும் தென்படவில்லை" என்று இருந்தால், கண்ணுக்குத் தெரிந்தவரை இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரைப்பலகைக்கு மேலே வயர் போட ஓட்டை போட்டு அடைக்காமல் விட்டிருந்தால் அது இதில் வராமல் போகலாம்.

'ரெஸ்பான்ஸிபிள் பெர்சன்' என்பதற்குப் 'பொறுப்பாளர்' போதும். நிலத்தின் உரிமையாளரோ பராமரிப்பு நிறுவனமோ என்று நினைத்துக்கொண்டிருப்போம். குடியிருப்பவர்களே சேர்ந்து கம்பெனி வைத்து ஃப்ரீஹோல்டை (நிலத்தோடு சேர்ந்த கட்டடத்தின் முழு உரிமையை) வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு அந்தக் கம்பெனிக்கு, அதாவது சுற்றி வளைத்து உங்களுக்கே வரும். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் கட்டடத்தில் கடை நடத்துகிறவருக்கும் தன் பங்குப் பொறுப்பு உண்டு. முன்பு 5 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்தால் மதிப்பீட்டை எழுதி வைக்காமல் விடப் பெரும்பாலும் இடம் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லோரும் முழுவதுமாக எழுதி வைத்தாக வேண்டும்.

"இது எத்தனை வருஷம் செல்லும்?" என்று கேட்பார்கள். சட்டத்தில் காலாவதி தேதி கிடையாது. அவ்வப்போது மறுபடி பார்க்க வேண்டும், குறிப்பாகக் கட்டடத்திலோ புழங்கும் விதத்திலோ பெரிய மாற்றம் வந்தாலும், எழுதியது இனி பொருந்தாது என்று சந்தேகம் வந்தாலும் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அறிக்கையில் போட்டிருக்கும் தேதி எழுதியவரின் பரிந்துரை. வாங்கப் போகிறவராக இருந்தால் அந்தத் தேதியோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: வேலைப் பட்டியலில் எதெது முடிந்தது, பாக்கி வேலைக்கான பணம் சர்வீஸ் சார்ஜில் (ஃப்ளாட்காரர்கள் கட்டும் பொதுப் பராமரிப்புக் கட்டணத்தில்) எந்த வருஷம் வரப்போகிறது.