காயே பிடிக்காத செம்பருத்தி

எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டு வாசலில் செம்பருத்தி நிற்கிறது, எல்லாம் ஒரே செடி. ஒரே ரகம் என்று சொல்லவில்லை, ஒரே செடி என்றுதான் சொல்கிறேன். மூலைவீட்டு அம்மா தன் பிறந்த ஊரிலிருந்து ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டார், அது எதிர்வீட்டுக்குப் போனது, அங்கிருந்து எங்களுக்கு வந்தது. "அக்கா, ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டே பரவிய செடி இது. விதை கேட்டு யாரும் வந்ததில்லை. வந்தாலும் கொடுக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் வருடம் முழுக்கப் பூத்துத் தள்ளுகிற இந்தச் செடியில் நாங்கள் ஒரு காயைக்கூடப் பார்த்ததில்லை.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். செம்பருத்தியின் சொந்தக்காரர்கள் எல்லாம் காய்ப்பதற்கே பேர்போனவர்கள். பெயரிலேயே பருத்தி இருக்கிறது, அது தற்செயலாக வந்த ஒற்றுமை இல்லை; பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாமே மால்வேசி குடும்பம். புளிச்சகீரை இன்னும் நெருக்கம், செம்பருத்தி இருக்கும் அதே ஹைபிஸ்கஸ் பேரினம். வெண்டையில் இன்று பூ என்றால் நாலைந்து நாளில் சமைக்கக் காய் வந்துவிடும். செம்பருத்தியில் மாலையானால் பூ சுருங்கும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ காம்போடு விழும், அவ்வளவுதான் கதை.

சரி, காய் உண்டாக வேண்டிய உறுப்பே இல்லையோ என்றால், இருக்கிறது. ஒற்றை இதழ் அடுக்குள்ள சாதாரணச் சிவப்புப் பூ ஒன்றைப் பறித்து வாருங்கள், பிளேடும் வேண்டும். அடியில் பச்சைக் கிண்ணம்போல் புல்லிவட்டம், அதற்கும் வெளியே சின்னச் சின்ன நாக்குகளாக இன்னொரு வரிசை, அது புறப்புல்லிவட்டம். இதழ் ஐந்து, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி, மொட்டில் முறுக்கி மடக்கிய குடைபோல இருக்கும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற குச்சிதான் வேடிக்கை. அது ஒரு குச்சியே இல்லை, குழல். ஆண் பாகமான மகரந்தத்தாள்கள் எல்லாம் அடிப்பக்கம் ஒட்டிச் சேர்ந்து குழலாகி, நுனிப்பக்கம் மட்டும் பிரிந்து மஞ்சள் மகரந்தப்பைகளை ஏந்திக்கொண்டிருக்கின்றன. குழலை நெடுக்காகக் கீறினால் உள்ளே வெள்ளை நூல்போல ஒன்று ஓடும். அது சூலகத்தண்டு. குழலைத் தாண்டி வெளியே வந்து ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் சிவப்பு வெல்வெட் பொட்டு வைத்தாற்போல முடிகிறது. அந்த ஐந்து பொட்டுதான் மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய சூலகமுடி.

அந்த வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டே கீழே போனால், இதழெல்லாம் சேரும் இடத்தில் வெளிறிய சின்னக் கூம்பு ஒன்று இருக்கும். சூற்பை. அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாக, பின்னால் விதையாக வேண்டிய சூல்கள், பொரியலுக்கு வெண்டைக்காய் நறுக்கியதைச் சுருக்கி வைத்தமாதிரி. விரலில் ஒட்டும் வழவழப்பும் அதே வழவழப்புதான். தலைக்குத் தேய்க்க இலையை அரைக்கும்போது வருவதும் அதுதான், தண்ணீரை உறிஞ்சி ஊதும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்.

ஆக, ஏற்பாடெல்லாம் தயார். அப்புறம் ஏன் காய்க்கவில்லை?

முதலில் மகரந்தம் கொண்டுவர ஆள் வேண்டும். செம்பருத்தியின் மகரந்தத் தூள் மிகப் பெரியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், மேலெல்லாம் முள், பிசுபிசுப்பு வேறு. காற்றில் பறக்கிற சங்கதியில்லை. பூவின் ஜாடையைப் பார்த்தால் யாருக்காக ஒப்பனை செய்துகொண்டு நிற்கிறது என்பது புரிந்துவிடும்: சிவப்பு நிறம், வாசனை துளியும் இல்லை, அடியில் நிறையத் தேன், குடிக்க வருகிறவர் தலையில் இடிக்கும்படி முன்னால் நீட்டிய குழல். இது பறவைக்கான பூ. நம் ஊரில் தேன்சிட்டு வரத்தான் செய்கிறது, ஆனால் அது முன்வாசல் வழியாக நுழைகிற ஆளில்லை. தேன் சுரப்பது புல்லிவட்டத்தின் உட்பக்கம் என்பதால், பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு இதழின் அடியில் அலகைக் குத்தி உறிஞ்சிவிட்டுப் போய்விடும். மகரந்தத்தில் ஒரு துகள்கூட அதன்மேல் படாது. சுத்தமான திருட்டு.

ஆனாலும் பழியை முழுக்கச் சிட்டின் தலையில் போட முடியாது. தேனீயோ எறும்போ எப்போதாவது மகரந்தத்தைப் பொட்டில் இழுத்துவிடத்தான் செய்யும். இங்கே ஒரே செடி விவகாரம் குறுக்கே வருகிறது. தெரு முழுக்க ஒரு குச்சியின் வாரிசு என்றால், எதிர்வீட்டிலிருந்து வரும் மகரந்தமும் சொந்த மகரந்தமே, பல செம்பருத்தி ரகங்கள் சொந்த மகரந்தத்தில் காய் பிடிப்பதில்லை.

அதற்கும் அடியில், செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களின் கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். மனிதனுக்கு 46 என்று ஒரே எண் சொல்லிவிடலாம். தோட்டத்துச் செம்பருத்திக்கு அப்படிச் சொல்ல முடியாது, ரகத்துக்கு ரகம் 36இலிருந்து 150ஐத் தாண்டியும் எண்ணியிருக்கிறார்கள். மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து சமமாகப் பிரிய வேண்டும். ஒரே அளவுச் செருப்பு மூன்று மூன்றாகக் கிடக்கிற கடையில் ஜோடி பிரிக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்று மிஞ்சும், அது எங்காவது தப்பான பெட்டிக்குள் போகும். குரோமோசோம்கள் அப்படி ஜோடி சேராத செடியில் பெரும்பாலான மகரந்தம் வெறும் தூள்தான். ஜோடி சரியாக அமைந்த ரகங்களும் இருக்கின்றன, அவை காய்க்கும். நம் வாசல் சிவப்பு அந்த அதிர்ஷ்டக் கூட்டத்தில் இல்லை.

அடுக்குச் செம்பருத்தி இன்னொரு படி மேலே. அதில் நடுவே ரோஜாபோல நெருக்கியடித்து நிற்கும் கூடுதல் இதழ்கள் பெரும்பாலும் மகரந்தத்தாளாக வந்திருக்க வேண்டியவை. ஒரு மொட்டில் எந்த இடம் இதழாக வேண்டும், எது மகரந்தத்தாளாக வேண்டும் என்று தீர்மானிப்பது சில மரபணுக்களின் கூட்டணி. அதில் உள்வட்டத்துக்குக் கட்டளையிடும் மரபணு கொஞ்சம் தளர்ந்தால் தாள்கள் இதழாக மாறிவிடும். பாதி மாறிய தாளைத் தேடிப் பார்த்தால் கிடைக்கும், சிவப்பு இதழின் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும்.

காட்டில் இப்படியொரு செடி ஒரு தலைமுறைகூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்பது செம்பருத்தியின் அறிவியல் பெயர்; அது தானாக வளரும் காடு என்று எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அந்தப் பெயருக்குச் சீன ரோஜா என்று பொருள், ஆனால் சீனாவிலும் அது தோட்டச் செடிதான். அதற்கு முன்பே கேரளத்தில் டச்சுக்காரர் வான் ரீடே தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸில் 'செம்பரித்தி' என்று உள்ளூர்ப் பெயரோடு பதிவாகியிருக்கிறது, அந்தப் புத்தகத்தின் 12 தொகுதிகளும் 1678 முதல் 1693 வரை வெளிவந்தவை. அண்மைக் காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த இரண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்பினமாக இது இருக்கலாம் என்கிறார்கள். பெற்றோர் தீவுக்காரர்கள், பெயர் சீனப் பெயர், நம் ஊரில் காளிக்கும் பிள்ளையாருக்கும் உரிய பூ, இலங்கையில் செவ்வரத்தை, மலேசியாவில் 1960 முதல் தேசிய மலர். இத்தனை தூரமும் மனிதர் கையில் குச்சியாகவே வந்திருக்க வேண்டும்.

குச்சி ஏன் வேர் விடுகிறது என்பதும் சுலபம். நுனியில் உற்பத்தியாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வெட்டிவிட்டால் போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும், அங்குள்ள செல்கள் அந்தத் தேக்கத்தையே வேர் விடச் சொல்லும் செய்தியாக எடுத்துக்கொள்ளும். பென்சில் பருமன், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வெட்டு, இலையைக் குறைத்துவிட வேண்டும், இது போதும்.

நர்சரிகளில் தட்டு அகலத்துக்குப் பூக்கும் ஹைப்ரிட் செம்பருத்திகள் எப்படி வந்தன என்றால், காய்க்கும் ரகங்களைத் தேடிப் பிடித்துக் கையால் மகரந்தம் சேர்த்துத்தான். ஹவாயில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள், அங்கே உள்நாட்டு ஹைபிஸ்கஸ் இனங்களே சில உண்டு, அவற்றையும் கலந்தார்கள். 1923இல் செம்பருத்தியைத் தங்கள் பிரதேச மலராக அறிவித்தார்கள், ஊர் முழுக்க வெளியிலிருந்து வந்த சிவப்பையே அடையாளமாக நினைத்துக்கொண்டிருக்க, 1988இல்தான் உள்நாட்டு மஞ்சள் இனம் என்று சட்டத்தில் திருத்தி எழுதினார்கள்.

நானும் கைவைத்துப் பார்த்தேன். நர்சரியில் வாங்கிய மஞ்சள் ஹைப்ரிட்டின் மகரந்தத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து, காலை ஏழு மணிக்கு வாசல் சிவப்பின் பொட்டுகளில் தடவி, காம்பில் நூல் கட்டி வைத்தேன், மொத்தம் எட்டுப் பூ. ஏழு வழக்கம்போல விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் நின்றது, இதழ் உதிர்ந்தும் காம்பு பச்சையாக இருந்தது, கூம்பு சுண்டைக்காய் அளவுக்குப் பருத்தது. பழுத்து வெடிக்க எப்படியும் இரண்டு மாதம் ஆகும் என்று காத்திருந்தேன். பத்தாம் நாள் காலை பெருக்கும்போது மண்ணில் கிடந்தது, நூலோடு. நறுக்கினேன். ஐந்து அறையும் இருந்தன. உள்ளே விதைகள் எள்ளைவிடச் சின்னதாக, வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் வெறும் தோல்.