முதல் விள்ளல்

2021 ஜூலையில் கொரோனாக் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தபோது, தம்பி திருநெல்வேலி டவுனிலிருந்து கால் கிலோ அல்வா வாங்கி வந்தான். பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. நெய் காகிதத்தைத் தாண்டி விரலில் ஒட்டியது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். இனித்தது. அவ்வளவுதான். வழவழப்பாக ஏதோ ஒன்று இனித்துக்கொண்டே தொண்டையில் இறங்கியது. அல்வாவைக் காணோம்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். ருசி இல்லை என்று தெரிந்த பிறகும் கை பொட்டலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. நாலு விள்ளல், ஐந்து விள்ளல். அடுத்ததில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சின்ன வயசிலிருந்து அல்வா தின்று வளர்ந்தவனுக்கு, அந்த ஒரு வாய் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அன்றைக்குத்தான் வந்தது. அடுத்த மூன்று மாதமும் அதைப் பற்றிப் படிப்பதிலேயே போயிற்று.

நாக்கின் வேலை ரொம்பச் சின்னது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் தக்காளியிலும் காளானிலும் இருக்கும் உமாமி என்கிற ஐந்தாவது சுவை. உறைப்புகூட அந்தக் கணக்கில் சேராது. சூட்டையும் வலியையும் சொல்லும் நரம்புகளைத்தான் மிளகாய் தூண்டுகிறது. அல்வாவில் நாக்குக்குப் பிடிபடுவது பெரும்பாலும் சர்க்கரை. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்ததில் வந்த லேசான புளித்த வாடை, கருகுவதற்கு ஒரு படி முன்னால் சிவந்து நிற்கும் சர்க்கரையின் மணம், உருகிய நெய்யின் மணம் எல்லாம் மூக்கின் பங்கு. மெல்லும்போது வாய்க்குள் கிளம்பும் ஆவி, மூச்சை வெளியே விடும்போது தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்குக்குள் போகிறது. மூளையோ அந்த வாசமும் வாயில்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு விள்ளல் போட்டுப் பாருங்கள். பத்து விநாடி கழித்து விரலை எடுங்கள். அல்வா அப்போதுதான் வாய்க்குள் வந்து சேரும்.

மூக்கின் உச்சியில் தபால் தலை அளவுள்ள ஒரு சவ்வில் வாச நரம்புச் செல்கள் இருக்கின்றன. மனிதனுக்கு ஏறக்குறைய 400 வகை வாச உணர்விகள் உண்டு. இவற்றின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொரோனா வைரஸ் இந்த நரம்புச் செல்களுக்குள் நேராக நுழைவதில்லை. பக்கத்தில் நின்று அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் துணைச் செல்களைத்தான் அது தாக்குகிறது. முட்டுக்கட்டை போனதும் கொடி சாய்வது போல, என் மூக்கில் வாசம் சாய்ந்திருந்தது.

அல்வாவை ஏன் சூடாகத் தின்ன வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. இனிப்பை உணரும் நாக்குச் செல்லில் டிஆர்பிஎம்5 என்று ஒரு வாசல் இருக்கிறது. சர்க்கரை பட்டதும் அது திறந்தால்தான் சேதி மூளைக்குப் போகும். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடு ஏற ஏற அந்த வாசல் நன்றாகத் திறக்கிறது என்று 2005-இல் காட்டினார்கள். அதே அல்வா, அதே சர்க்கரை. ஃப்ரிட்ஜில் வைத்துத் தின்றால் இனிப்புக் குறைகிறது. நெய் உறைந்து போவதால் மணமும் கிளம்புவதில்லை. கீழ ரத வீதியில் நின்றபடியே இலைத்துண்டில் வாங்கித் தின்கிறவர்கள் இந்த விஷயத்தை எப்போதோ கண்டுகொண்டவர்கள்.

சரி, ருசி போன பிறகும் கை ஏன் போயிற்று?

இதற்கு விடை தேடியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். 1980-களில் எல்லோரும் மூளையில் சுரக்கும் டோபமைனைத்தான் சந்தோஷத்தின் ரசாயனம் என்று நம்பினார்கள். பெரிட்ஜ் டோபமைன் அழிக்கப்பட்ட எலிகளைப் பார்த்தார். அவை சாப்பாட்டைத் தேடிப் போகவில்லை. விட்டால் பட்டினி கிடந்தே செத்துவிடும். ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால், மற்ற எலிகளைப் போலவே சப்புக்கொட்டி ரசித்தன. வேண்டும் என்கிற ஆசை போயிருந்தது. இனிக்கிறது என்கிற ருசி அப்படியே இருந்தது. இரண்டும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள்.

அந்தச் சப்புக்கொட்டலை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிறந்த குழந்தைக்குச் சேனை என்று இனிப்பைத் தொட்டு வைக்கும்போது, கண்ணே திறக்காத பிள்ளை உதட்டை நக்கி முகம் மலருமே, அதேதான். (தாய்ப்பால் தவிர எதையும் கொடுக்க வேண்டாம் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்பதுதான் சரி.) யாரும் சொல்லித் தராமல் வருகிற முகபாவம் அது. எலிக்கும் குரங்குக்கும் மனிதக் குழந்தைக்கும் பொது.

பெரிட்ஜின் குழு இந்த ருசி மூளையில் எங்கே உண்டாகிறது என்று தேடியபோது கிடைத்த விஷயம்தான் என்னை ரொம்பப் பாதித்தது. டோபமைன் ஓடுகிற ஆசையின் பாதை மூளையில் அகலமாகப் பரவிக் கிடக்கிறது. ருசியின் இடங்களோ சின்னச் சின்னத் திட்டுகள். எலியின் மூளையில் ஒரு திட்டு வெறும் ஒரு கன மில்லிமீட்டர், கடுகை விடச் சின்னது. மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் அங்கே பட்டால், அதே சர்க்கரை பன்மடங்கு ருசிக்கிறது. ஆசை பெரிய ஆறு மாதிரி, சுலபத்தில் புரண்டு வரும். ருசி ஊற்று மாதிரி, சின்னது, சீக்கிரம் வற்றும், மெதுவாக ஊறும். அன்றைக்கு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றுக்கு வருகிற வழி மட்டும் அடைந்து போயிருந்தது.

அந்த ஆற்றின் குணத்தை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990-களில் குரங்குகளிடம் அளந்து பார்த்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் செல்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்குக்குப் பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிடுகிறது. சாறு வரும்போது சலனமே இல்லை. எங்கள் அப்பா வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வருவார். சில நாள் கையில் அல்வாப் பொட்டலம் இருக்கும், பல நாள் இருக்காது. இருட்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எங்களுக்குள் எழுந்த படபடப்பை நினைத்துப் பார்க்கிறேன். தினமும் வாங்கி வந்திருந்தால் அந்தச் செருப்புச் சத்தத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்காது.

ஊற்று ஏன் வற்றுகிறது? பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1981-இல் இதைச் சோதித்தார். ஒரு பண்டத்தை வயிறு நிறையத் தின்றவர்களுக்கு அந்தப் பண்டம் மட்டும்தான் திகட்டுகிறது; தின்னாத வேறு பண்டம் முன்போலவே பிடிக்கிறது. திகட்டல் வயிற்றில் நடப்பதற்கு முன்பே வாய்க்கும் மூளைக்கும் நடுவில் நடந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அல்வா தின்றதும் உள்ளங்கையில் கொஞ்சம் மிக்சர் போடுவார்கள். காரமும் உப்பும் மொறுமொறுப்பும் வந்ததும் நாக்கு புதுசாகிவிடும். திரும்ப ஒரு விள்ளல் அல்வா போட்டால், ஏறக்குறைய முதல் விள்ளல் போலவே இருக்கும்.

குற்றாலத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். (தென்காசி தனி மாவட்டமானது 2019-இல், எங்களுக்கு இன்னும் அது நெல்லைச் சீமைதான்.) சீசன் நேரத்தில் மெயின் அருவியில் யாரும் நெடுநேரம் நிற்க முடியாது. பின்னால் கூட்டம் தள்ளும். வெளியே வந்து நடுங்கிக்கொண்டே, சாரல் முகத்தில் அடிக்க, மறுபடி வரிசையில் போய் நிற்போம். இரண்டாவது முறை தலையில் விழுகிற தண்ணீர் முதல் முறை போலவே அறையும். தோலின் குளிர் உணர்விகளும் மாற்றத்தைத்தான் உரக்கச் சொல்லும். மாறாமல் இருப்பதைச் சீக்கிரம் விட்டுவிடும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடம்பு பிடித்துவிடுவதை நடுவில் கொஞ்சம் நிறுத்தித் தொடர்ந்தவர்கள், இடைவெளி இல்லாமல் பிடித்துவிடப்பட்டவர்களை விட அதிகம் ரசித்தார்கள். குற்றாலத்துக் கூட்டம் நமக்கு அந்த இடைவெளியைச் சும்மா தருகிறது.

மருந்தில்லாத என் மூக்குக்கு, வாசப் பயிற்சி என்று ஒன்று உண்டு என்று படித்தேன். ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் 2009-இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும். 12 வாரம். வாச நரம்புச் செல்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. முளைக்கும் செல்களுக்குப் பயிற்சி உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

முதல் மாதம் நான்கும் வெறும் காற்று. இருந்தாலும் ஒவ்வொன்றையும் முகரும்போது அதன் பழைய வாசத்தை நினைவுபடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பொருளுக்கு முன்னால் வேறு நினைப்பு இல்லாமல் அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று! 2010-இல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது கேட்டார்கள். செய்கிற வேலையில் மனசு இல்லாத நேரம் 46.9 சதவீதம். மனசு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் சந்தோஷம் குறைவாக இருந்தது.

ஆறாவது வாரம் கிராம்பு வந்தது. முதலில் வாசமாக வரவில்லை, ஆச்சியாக வந்தது. அவள் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்த மாதிரி ஒரு கணம். மற்றப் புலன்களின் சேதி தலாமஸ் என்கிற நடு நிலையத்தில் இறங்கித்தான் மேலே போகும். வாசம் மட்டும் அங்கே இறங்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகப் போகிறது. வாசம் கிளறும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தியவை என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆச்சி என்னைப் பத்தமடைப் பாயில் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். அந்தத் தடவலுக்கும் தனி நரம்புகள் உண்டு. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், கைச்சூட்டோடு மெல்லத் தடவினால்தான் அவை நன்றாகப் பேசும். அவசரத் தடவல் அவற்றுக்குக் கேட்காது.

ஐப்பசியில் மழை வந்தது.

வறண்ட மாதங்களில் செடிகள் விடும் எண்ணெய்ப் பொருள்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்துகொண்டே வரும். 1964-இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் அதைப் பிரித்தெடுத்து, முதல் மழையின் வாசத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதோடு சேர்வது ஜியோஸ்மின் என்கிற பொருள். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து பாக்டீரியாக்கள் மண்ணுக்குள் இருந்து அதை உண்டாக்குகின்றன. துள்ளித் திரியும் பொடிப் பூச்சிகள் அந்த வாசத்துக்கு வந்து பாக்டீரியாவைத் தின்று, அதன் வித்துகளை ஊரெல்லாம் பரப்புகின்றன என்று 2020-இல் கண்டறிந்தார்கள்.

நம் மூக்குக்கு இந்த ஜியோஸ்மின் மேல் அபாரக் கூர்மை. லட்சம் கோடியில் 5 பங்கு இருந்தாலே பிடித்துவிடும். மணிமுத்தாறு அணை நிரம்பினால் ஏறக்குறைய 5,500 மில்லியன் கன அடித் தண்ணீர். அத்தனையிலும் வாசம் தெரிய, கணக்குப் போட்டால் முக்கால் கிலோ ஜியோஸ்மின் போதும். பீட்ரூட்டின் மண்வாடையும், குளத்துக் கெண்டையில் வரும் சேற்று வாடையும் இதே பொருள்தான். மீனில் வந்தால் முகம் சுளிக்கிறோம், மழையில் வந்தால் மூச்சை இழுக்கிறோம். மூலக்கூறு ஒன்று, அதற்கு மனசு வைத்திருக்கும் இடம் வேறு.

மண்ணில் கிடப்பது மூக்குக்கு எப்படி வருகிறது? 2015-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துக் காட்டினார்கள். மண்ணில் விழுந்த துளி தனக்கடியில் காற்றுக் குமிழிகளைச் சிறைப்பிடிக்கிறது. அவை கோலி சோடாவின் குமிழி போல மேலே வந்து வெடித்து, பொடிப்பொடித் திவலைகளை வீசுகின்றன. தூறலில்தான் இது நன்றாக நடக்கும். அடைமழையில் ரொம்பக் குறைவு. மண்வாசம் மழையின் தொடக்கத்துக்கு உரியது என்று நாம் சொல்வது இதனால்தான்.

அன்று சாயங்காலம் அம்மா கீழே இருந்து, "ஏல, மழ வருது, துணிய எடு" என்று சத்தம் போட்டாள். தட்டட்டிக்கு ஏறினேன். பாதித் துணியை எடுத்திருந்தபோது முதல் துளிகள் விழுந்தன. அப்புறம் அது வந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

இரண்டு மூன்று நிமிடத்தில் வாசம் மங்கத் தொடங்கியது. திரும்பவும் போய்விட்டதோ என்று ஒரு பயம். ஆனால் இது நோயால் அல்ல. மாறாமல் வருகிற வாசத்துக்கு மூக்குச் செல்கள் தாமாகவே குரலைத் தணித்துக்கொள்ளும், ஓய்வு கொடுத்தால் மீளும் என்று இதற்குள் படித்திருந்தேன். கீழே இறங்கி, அடுக்களையில் அம்மா பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றேன். அவள் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மேலே போனேன். தூறல் விடவில்லை. வாசம் இருந்தது.