‘பட்டினி போட்டு அனுப்பிட்டோமோ?’

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, புற்றுநோயாளியைக் கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவரை அரிக்கிற கேள்வி இது. துக்கம் கேட்க வந்தவர் யாராவது “ஒரு ட்ரிப்ஸாவது ஏத்தியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த அரிப்பு வருடக்கணக்கில் நிற்கும். பெரும்பாலும் அது போய் விழுவது மகள் மேலோ மருமகள் மேலோதான்.

முற்றிய புற்றுநோயில் உடலில் பெருகும் அழற்சிப் பொருட்கள் பசியை அணைக்கின்றன, தசையையும் கரைக்கின்றன. உள்ளே போகும் சத்தைத் தசையாக மாற்றும் திறன் அந்த உடலுக்கு மிகவும் குறைந்துவிடுகிறது. உயிர் அடங்கிக்கொண்டிருப்பதால்தான் சோறு இறங்கவில்லை.

ஆனால் சாப்பிட மறுத்தாலே முடிவு வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வாயில் வெண்படலமாகப் படியும் பூஞ்சை, ‘மார்பின்’ (morphine) என்ற வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கல், குமட்டல், அடங்காத வலி, மனச்சோர்வு எல்லாமே பசியைக் கெடுக்கும்; எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. அவற்றைப் பார்த்த பிறகும், நாள் முழுக்கத் தூக்கம், சிறுநீர் குறைதல், ஒரு மடக்குத் தண்ணீருக்கே புரையேறுதல் என்று போனால், கடைசி நாட்கள் என்று கொள்ளலாம்.

அப்போது வற்புறுத்தி ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவைக் கொண்டுவரலாம். அரை லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்ஸில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். ஐந்தாறு சிறு கரண்டிச் சர்க்கரை, அவ்வளவுதான். அந்த நீரையும் தளர்ந்த இதயமும் சிறுநீரகமும் வெளியேற்ற முடியாமல் போனால் கால் வீங்கும், மூச்சு திணறும். உணவு செலுத்தும் குழாய் வேண்டாம் என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2023இல் நடைமுறையை எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டெட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

கடைசி நாட்களில் வருத்துவது பசியை விட வாய் வறட்சிதான். அதற்கு வீட்டிலேயே நிறையச் செய்யலாம். ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை, சுத்தமான மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதடு, ஈறு, நாக்கு, உள்கன்னம் எல்லாம் துடையுங்கள். பிழியாமல் விட்டால் சொட்டும் நீர் தொண்டைக்குள் போய்விடும். உதட்டில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம்; ஆக்சிஜன் வைத்திருந்தால் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், நீர் கலந்த ஜெல் கேட்டு வாங்குங்கள். நன்றாக விழித்திருந்து, அவரே கேட்டால் மட்டும், தலையை உயர்த்தி, தாடையைச் சற்றுக் கீழே சாய்த்து, சிறு கரண்டியில் பாதி கொடுங்கள். விழுங்கினாரா என்று பார்த்த பிறகே அடுத்தது.

தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில்தான் அது. கேட்பவரைக் கலக்கும் அளவுக்கு, நினைவு மங்கியவரை அது வருத்துவதில்லை. மாத்திரை இறங்கவில்லை என்று மார்பினை நிறுத்திவிடாதீர்கள். தோலுக்கடியில் ஊசியாகத் தரலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

பிறகு, பால் ஊற்றும் நேரம். பேரன் பேத்தி வரை வரிசையாக ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். சடங்கை விட வேண்டியதில்லை. விரல் நுனியைப் பாலில் தொட்டு உதட்டில் வைத்தால் போதும். கண் திறக்காதவருக்கும் காது கேட்கக்கூடும். வைக்கும்போது யார் வந்திருக்கிறோம் என்று பேர் சொல்லுங்கள்.